காஞ்சிக்குப் போகும் வழியில் ஒரு பந்து!

குட்டீஸ்! கால்பந்து எந்த நாட்டு விளையாட்டு என்று கேட்டால், 'இங்கிலாந்து' என்று சட்டென்று சொல்வீர்கள். அது பாதி சரி. இன்று நாம் ஆடும் கால்பந்துக்கு 1863-ல் லண்டனில்தான் விதிமுறைகளை எழுதினார்கள். ஆனால், பந்து அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உருள ஆரம்பித்துவிட்டது. நம் காஞ்சிபுரத்துக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு, தெரியுமா?

காலால்... இடுப்பால்!

சீனர்கள் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே 'சூஜூ' என்ற ஆட்டம் ஆடினார்கள். 'பந்தை உதை' என்பதுதான் அதன் பொருள். தோலைத் தைத்து, உள்ளே இறகையும் முடியையும் அடைத்துப் பந்து செய்தார்கள். படை வீரர்களுக்கு அது நல்ல உடற்பயிற்சி.

ஜப்பானியரின் 'கெமாரி' ஆட்டத்தில் மான் தோல் பந்தைக் கீழே விழவிடாமல் ஆளுக்கு ஆள் உதைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை!

மெக்சிகோவில் ரப்பர் மரங்கள் உண்டு. அந்த மரப்பாலோடு ஒரு கொடியின் சாற்றைக் கலந்து, துள்ளும் பந்து செய்தார்கள். அதை இடுப்பால் தட்டி விளையாடினார்கள். அங்கே சேற்றுக்குள் கிடைத்த சில ரப்பர் பந்துகளின் வயது 3,000 ஆண்டுகளுக்கும் மேல்!

நம் ஊரில் கையால்!

சங்க நூல்களில் ஒன்று பெரும்பாணாற்றுப்படை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் புகழ்ந்து, கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. பரிசு தேடிப் போகும் பாணனுக்கு வழி சொல்லும் பாட்டு அது. வழியில் ஒரு கடற்கரைப் பட்டினம் வருகிறது. அங்கே உயர்ந்த மாடத்தில், காலில் பொற்சிலம்பு ஒலிக்கப் பெண்கள் 'வரிப்பந்து' ஆடுகிறார்கள். களைத்துப் போனதும் மணலில் கழங்கு ஆடுகிறார்கள். வரிப்பந்து என்றால், நூலால் வரிந்து கட்டிய பந்து!

பல்லவர் காலத்தில் காஞ்சியில் வாழ்ந்தவர் தண்டி. அவர் வடமொழியில் எழுதிய 'தசகுமார சரிதம்' கதையில் ஓர் இளவரசி வருகிறாள். பெயர் கந்துகாவதி. 'கந்துகம்' என்றால் பந்து. ஏழு வயது முதல் திருமணம் ஆகும்வரை, மாதந்தோறும் கார்த்திகை நட்சத்திரத்தன்று ஊரார் முன்னிலையில் அவள் பந்தாட வேண்டும். அதுதான் அவள் அம்மனுக்குச் செய்யும் வழிபாடு.

இவை கால்பந்து அல்ல, கைப்பந்தாட்டம்தான். ஆனாலும் பாருங்கள், அந்தந்த ஊரில் எது கிடைத்ததோ, அதிலேயே பந்து பிறந்திருக்கிறது. சீனாவில் தோல், மெக்சிகோவில் மரப்பால், நம்மிடம் நூல்!

யார் விளையாட்டு?

இன்னொன்றையும் கவனித்தீர்களா? நம் பழைய பாட்டிலும் கதையிலும் பந்தாடுபவர்கள் பெண்கள். இங்கிலாந்திலோ, கால்பந்துச் சங்க மைதானங்களில் பெண்கள் ஆடுவதற்கு 1921-ல் தடை போட்டார்கள். அது சுமார் 50 ஆண்டுகள் நீடித்தது! 'பந்து விளையாட்டு பையன்களுக்குத்தான்' என்று யாராவது சொன்னால், வரிப்பந்தைப் பற்றிச் சொல்லுங்கள். கூடவே, 2018-லும் 2023-லும் தேசிய மகளிர் கால்பந்துப் போட்டியில் தமிழ்நாட்டு அணிதான் சாம்பியன் என்பதையும் சொல்லுங்கள்!

செய்து பாருங்கள்!

பழைய துணியைச் சிறு உருண்டையாகச் சுருட்டுங்கள். அதன்மேல் கழிவு நூலை எல்லாப் பக்கமும் மாற்றி மாற்றி, இழுத்துச் சுற்றுங்கள். ஒரே பக்கம் சுற்றினால் பந்து முட்டை மாதிரி ஆகிவிடும். எலுமிச்சை அளவு வந்ததும், நூல் நுனியை ஊசியில் கோத்து உள்ளே செருகிவிடுங்கள். ஊசி வேலைக்கு மட்டும் அம்மாவையோ அப்பாவையோ கூப்பிடுங்கள். வரிப்பந்து ரெடி! தங்கச்சியையும் சேர்த்துக்கொண்டு ஆடுங்கள்.