வேலை வாங்கும் கலை

பொம்மசந்திராத் தொழிற்பேட்டையில் வேலை முறை மாறும் மாலை வேளையில் ஓசூர்ச் சாலையோரம் நின்று பார்ப்போர்க்கு, ஒரு பெரிய திருவிழா கலைவது போன்ற காட்சி புலப்படும். அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து நாள்தோறும் வந்து மீள்வோர் ஒருபுறம். ஹெப்பகோடியிலும் சந்தாபுரத்திலும் சிறு வீடுகளை வாடகைக்கு எடுத்துக் குடியிருப்போர் மறுபுறம். 2025 ஆகஸ்டு 10-ஆம் நாள் ஆர்.வி. சாலையிலிருந்து பொம்மசந்திரா வரை 16 நிலையங்களோடு மெட்ரோ வண்டிப் பாதை திறக்கப்பட்ட பிறகு, நகரின் உட்பகுதியிலிருந்து வருவோரும் இக்கூட்டத்தில் சேர்ந்துகொண்டனர். இவர்களில் நம் தமிழ் மக்கள் எத்துணைப் பேர் என்பதை, பேருந்து நிறுத்தத்தில் ஐந்து நிமிடம் காது கொடுத்தாலே அறிந்துகொள்ளலாம்.

இவர்களுள் ஒரு சாராரைப் பற்றியே இங்கு எழுத எண்ணுகிறோம். தருமபுரியிலிருந்தோ கிருஷ்ணகிரியிலிருந்தோ ஐ.டி.ஐ. படிப்புடன் வந்து, இயந்திரத்தின் முன் நின்று சில ஆண்டுகள் உழைத்து, ஒரு நாள் திடீரென்று, “நாளை முதல் இந்த வரிசையை நீ பார்த்துக்கொள்” என்ற கட்டளையைப் பெற்றவர்கள். அவர்களுக்குச் சூப்பர்வைசர் என்று பெயர். இயந்திரத்தை ஒப்படைக்கும்போது, எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்று பத்து நாட்களாவது கற்றுக்கொடுத்தார்கள். முப்பது மனிதர்களை ஒப்படைக்கும்போதோ ஒரு சொல்லும் கற்றுக்கொடுப்பதில்லை! இயந்திரம் பழுதானால் திருத்துவோர் வருவார். மனம் பழுதானால் யார் வருவார்?

“வேலை வாங்கத் தெரிந்தவர்” என்று நம் ஊர்களில் ஒருவரைப் புகழ்வது வழக்கம். கரும்பைப் பிழிவது போல் ஆளைப் பிழிபவரையும் அப்படிச் சொல்வார்கள். ஆட்கள் தாமாகவே மனமுவந்து செய்யும்படி நடந்துகொள்பவரையும் அப்படியே சொல்வார்கள். இவ்விருவருக்கும் ஒரே பெயர் வழங்குவதுதான் வேடிக்கை.

பிழிவதன் முடிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் வாசலிலேயே ஒரு சான்று உண்டு. 2016 பிப்ரவரி 10-ஆம் நாள் மத்திய அரசு, பி.எஃப். என்று எல்லோரும் வழங்கும் சேமநல நிதியைப் பற்றி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. வேலையை விட்டவர் தம் பங்கை மட்டுமே எடுக்கலாம். முதலாளி செலுத்திய பங்கை 58 வயது நிரம்பிய பின்னரே பெறலாம் என்பது அதன் சாரம். ஆயத்த ஆடை ஆலைகளில் தைக்கும் பெண்களுக்கு அந்த நிதி முதுமைக் காலப் பணம் அன்று. மகள் திருமணத்திற்கும், மகன் கல்லூரிக் கட்டணத்திற்கும், வட்டிக்கு வாங்கிய கடனுக்கும் அவர்கள் நம்பியிருந்த ஒரே கைப்பொருள் அது. ஏப்ரல் 18-ஆம் நாள் அவர்கள் ஆலைகளை விட்டு வெளியேறி ஓசூர்ச் சாலையை நிறைத்தனர். மறுநாள் நகரின் பல பகுதிகளில் போராட்டம் பரவியது, வன்முறையும் மூண்டது. பொம்மசந்திராவை அடுத்த ஹெப்பகோடிக் காவல் நிலையத்தில் வண்டிகள் எரிந்தன. அன்றே அரசு அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

தீ வைத்தவர்களை நாம் போற்றவில்லை. ஆயினும் ஒன்று சிந்திக்கத் தக்கது. இப்போராட்டத்திற்கு எந்தத் தொழிற்சங்கமும் அழைப்பு விடுக்கவில்லை. முன்னின்று நடத்திய தலைவர் என்று ஒருவரும் இல்லை. அறிவிப்பு வெளியான நாளுக்கும் மக்கள் சாலைக்கு வந்த நாளுக்கும் இடையே 68 நாட்கள் கழிந்தன. அந்த 68 நாட்களில் ஒவ்வொரு வரிசையின் முன்னும் மேற்பார்வையாளர் நின்று, “சட்டம் இன்னது, உங்கள் பணம் இவ்வளவு, உங்கள் ஐயத்தை மேலே எடுத்துச் சொல்கிறேன்” என்று அவரவர் மொழியில் கூறியிருந்தால், வதந்திக்கு வழி எங்கே? எத்தனை உருப்படி முடிந்தது என்று மணிக்கொரு முறை பலகையில் எழுதுகின்ற கை, தொழிலாளியின் பணத்தைப் பற்றி ஒரு வரி எழுதலாகாதா? செய்தியைக் கீழே கொண்டு செல்வதும், குறையை மேலே கொண்டு செல்வதும் மேற்பார்வையாளரின் கடமைகள். நடைமுறையில் மேலிருந்து வசவு கீழே வருகிறது. கீழிருந்து மேலே செல்வது ஒன்றுமில்லை.

செய்தியைப் பகிர்ந்துகொள்வதன் ஆற்றலுக்கும் பொம்மசந்திராவே ஒரு முன்மாதிரி தருகிறது. 2001-இல் இங்கே தொடங்கப்பெற்ற நாராயண ஹிருதயாலயா மருத்துவமனையை அறியாதார் இலர். அதனை நிறுவிய டாக்டர் தேவி பிரசாத் ஷெட்டி, முந்தைய நாளின் வரவு செலவுக் கணக்கை மறுநாளே தம் மூத்த மருத்துவர்களின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பும் முறையை ஏற்படுத்தினார். மாத முடிவில் கணக்குப் பார்ப்பது பிணப் பரிசோதனை அறிக்கையைப் படிப்பதற்கு ஒப்பாகும் என்பது அவர் பலமுறை எடுத்துரைத்த கருத்து. கத்தி பிடிப்பவரே செலவையும் அறிந்தால், “சிக்கனம் செய்” என்று அதட்டுவதற்கு ஒருவர் வேண்டியதில்லை. மருத்துவருக்குப் பொருந்துவது தையற்காரருக்குப் பொருந்தாதோ? இன்றைய இலக்கு ஏன் கூடியது, சரக்கு எந்த நாளில் கப்பலேற வேண்டும் என்பனவற்றைச் சொல்லிவிட்டு வேலை கேட்பவருக்கும், “கேள்வி கேட்காதே, கையை ஓட்டு” என்பவருக்கும் உள்ள வேறுபாட்டை நாம் நேரில் கண்டிருக்கிறோம்.

இனி எல்லையைத் தாண்டி ஓசூருக்குச் செல்வோம். டெமிங் என்ற அமெரிக்க அறிஞர் 1950-இல் ஜப்பானுக்குச் சென்று தரத்தைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். அவர் பெயரால் 1951 முதல் ஜப்பானியர் ஒரு பரிசு வழங்கி வருகின்றனர். அப்பரிசு 1998-இல் சென்னைப் பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவுக்கும், 2002-இல் ஓசூரின் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனத்திற்கும் கிடைத்தது. டெமிங் வற்புறுத்தியவை பல. அவற்றுள் இரண்டு நமக்கு மிக வேண்டியவை: குறைகளில் பெரும்பகுதி தொழிலாளியுடையது அன்று, வேலை அமைந்திருக்கும் முறையினுடையது என்பது ஒன்று, தொழிற்கூடத்திலிருந்து அச்சத்தை விரட்ட வேண்டும் என்பது மற்றொன்று.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். ஒரு பெண் தைத்த சட்டைகளில் தையல் விட்டு விட்டு விழுகிறது. அவளை எழுப்பி நிறுத்தி எல்லோர் முன்பும் ஏசுவது எளிது. ஊசி முனை மழுங்கியிருக்கலாம். நூலின் இறுக்கம் பிசகியிருக்கலாம். துணி மாறியிருக்க ஊசி மாறாமல் இருக்கலாம். தலைக்கு மேலுள்ள விளக்கு மங்கியிருக்கலாம். இவற்றையெல்லாம் பார்த்த பிறகும் குறை அவள் கையில்தான் என்று தெரிந்தால், பக்கத்தில் அமர்ந்து கற்றுக்கொடுக்கலாம். ஏசப்பட்டவள் அடுத்த முறை என்ன செய்வாள்? கெட்ட உருப்படியை நல்லவற்றின் நடுவே மறைத்து வைப்பாள். அச்சத்தின் விளைச்சல் பொய்யே. டெமிங் பிறப்பதற்கு நூற்றாண்டுகள் பல முன்பே, வள்ளுவர் இதற்கெனவே ‘வெருவந்த செய்யாமை’ என்று ஓர் அதிகாரம் வகுத்துவிட்டார். அதனை அரசருக்கு மட்டும் உரியதென்று நாம் ஒதுக்கி வைத்துவிட்டோம் போலும்.

சாப்பாட்டு நேரத்தில் ஐந்து நிமிடத்தைத் திருடுவதும், கழிப்பறைக்குச் செல்வதற்கு முகம் சுளிப்பதும் சிறு செயல்கள் என்று எண்ணுவோர் உளர். சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-இல் வாடியா தலைமையில் தோன்றியபோது, பின்னி ஆலைத் தொழிலாளர் முறையிட்டவற்றுள் முக்கியமானது மதிய உணவுக்கு விடும் இடைவேளை போதவில்லை என்பதே. நாட்டின் தொழிற்சங்க வரலாறே ஒருவகையில் ஒரு கவளம் சோற்றை அமைதியாக உண்ண விரும்பியதில் தொடங்கியது எனலாம்.

மொழியைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். இன்று ஒரே வரிசையில் கன்னடத்தாரும், ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு, அசாம் பகுதிகளிலிருந்து வந்தோரும் அருகருகே அமர்ந்திருக்கின்றனர். நம்மவர் கன்னடத்தையும் இந்தியையும் தொழிற்கூடத்திலேயே கற்கிறார்கள். கற்பதோ கட்டளைச் சொற்களை மட்டும். தமிழில் ‘நீ’ என்பதற்கும் ‘நீங்கள்’ என்பதற்கும் உள்ள தொலைவு கன்னடத்தில் ‘நீனு’, ‘நீவு’ என்பவற்றுக்கும் உண்டு. ‘மாடு’ என்றால் ‘செய்’. ‘மாடி’ என்றால் ‘செய்யுங்கள்’. ஓர் உயிரெழுத்தில் ஒருவருடைய மானம் தொங்குகிறது! இந்தியில் ‘தூ’, ‘தும்’, ‘ஆப்’ என மூன்று படிகள். தந்தை வயதுடைய ஒருவரைத் ‘தூ’ என்றழைத்துவிட்டு, “ஏன் முறைக்கிறார்?” என்று வியக்கும் நம் இளைஞர் பலர். அவர் வேண்டுமென்று இழிவு செய்யவில்லை. ஆனால் கேட்டவர் காதில் விழுந்தது இழிவுதானே? ‘அக்கா’, ‘அண்ணா’ என்ற சொற்கள் கன்னடத்திலும் அப்படியே வழங்குகின்றன. வடக்கத்தியப் பெண்ணைத் ‘தீதி’ எனலாம். செலவில்லாத மரியாதை இது.

பெண்கள் மிகுந்த கூடங்களில் மேற்பார்வை செய்வோர் மற்றொன்றும் அறிய வேண்டும். 10 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் இடத்தில் பாலியல் தொல்லை பற்றிய முறையீட்டைக் கேட்க, பெண் ஒருவர் தலைமையில் உட்குழு இருத்தல் வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள இடத்தில், இரு தரப்பாரும் சம எண்ணிக்கையில் அமர்ந்த குறைதீர்க்கும் குழு வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு கூறுகிறது. இக்குழுக்களில் இருப்போர் இன்னார் என்று தம் வரிசையில் உள்ளோர்க்குச் சொல்வது மேற்பார்வையாளருக்கு இழிவன்று. பிறரிடம் முறையிடுவதைத் தமக்கு எதிரான துரோகமாகக் கருதும் மனப்பான்மையே இழிவு.

கடைசியாக, நம் சங்கத்து ஏட்டில் எழுதத் தயக்கம் தரக்கூடிய ஒன்றையும் எழுதிவிடுகிறோம். தமிழர் ஒருவர் சூப்பர்வைசர் ஆனால், “நம்ம ஊர் ஆள்” என்று எளிய வேலையும் மிகைநேர ஊதியமும் தமிழருக்கே ஒதுக்குகிறார் என்ற பேச்சு அக்கம்பக்கத்தில் உலவுகிறது. சில இடங்களில் அது வெறும் பேச்சன்று. வீட்டில் சித்தப்பாவும் மைத்துனரும் நெருக்குவது நமக்குத் தெரியும், “ஊரான் பிள்ளைக்குக் கொடுத்தாய், உறவுக்கு இல்லையா?” என்ற கேள்விக்கு விடை சொல்வது கடினமே. ஆனால் அந்த ஒடியப் பெண்ணும் ஊர் விட்டு ஊர் வந்தவள்தான். நம் தந்தையர் முதன்முதலில் பெங்களூருக்கு வந்தபோது, எந்த மேற்பார்வையாளரின் முகத்தைப் பார்த்து அஞ்சி நின்றார்களோ, அந்த முகம் இன்று அவளுக்கு நம்முடையதாக இருக்கிறது. மிகைநேர வேலைக்குரியோர் பட்டியலை முறைப்படி எழுதி, எல்லோரும் படிக்கும்படி சுவரில் ஒட்டிவிடலாம். உறவினர் கேட்டால் சுவரைக் காட்டலாம்.