மெத்தனாலிலிருந்து ஒலிஃபீன்: வினையூக்கிச் சோதனையில் ‘நூறு விழுக்காடு’ எதைக் காட்டுகிறது?

திருச்சிராப்பள்ளியில் கைலாசபுரத்தைக் குடியிருப்பு நகராகக் கொண்ட பெல் நிறுவனக் கொதிகலன் ஆலையில், நிலக்கரியை வளிமமாக்கி 6.2 மெகாவாட் மின்சாரம் ஆக்கும் சோதனை நிலையம் 1980களில் நிறுவப்பட்டது. அதே நிறுவனத்தின் ஐதராபாத் பிரிவு, சாம்பல் மிகுந்த இந்திய நிலக்கரியிலிருந்து நாளொன்றுக்கு 0.25 டன் மெத்தனால் ஆக்கும் முன்னோட்ட ஆலையை 2021இல் இயக்கியது. இதற்கு அடுத்த படி, மெத்தனாலை எத்திலீனாகவும் புரோப்பிலீனாகவும் மாற்றுவது. அதற்குரிய வினையூக்கிகளை எவ்வாறு மதிப்பிடுவது என்பதையே இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

மெத்தனாலின் மூலக்கூறு எடை 32. அதில் ஐதரோகார்பனாக எஞ்சக்கூடியது 14 மட்டுமே, மற்றது நீராகும். எனவே மேற்கூறிய 0.25 டன்னிலிருந்து கோட்பாட்டளவில்கூட 109 கிலோவுக்கு மேல் பெற இயலாது. விளைச்சல் விழுக்காடு எதனை அடிப்படையாகக் கொண்டது என்று குறிக்காத ஆய்வேடுகளை ஒப்பிட முடியாமைக்கு இதுவே காரணம்.

இவ்வினைக்குப் பெரிதும் பயன்படுவது சாப்போ-34. இதன் உட்கூடுகள் அகன்றவை. வாயிலோ ஏறத்தாழ 0.38 நானோமீட்டர். சிறிய ஒலிஃபீன்கள் வெளியேறும். மெத்தில்பென்சீன்கள் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். வியப்பு என்னவெனில், சிக்கிய அம்மூலக்கூறுகளே வினை மையங்களாகச் செயற்படுகின்றன. பின்னர் அவையே பல்வளையச் சேர்மங்களாக வளர்ந்து, கரிப்படிவாகிக் கூட்டை அடைத்துவிடுகின்றன. வாயில் அகன்ற இசட்.எஸ்.எம்.-5 இதனினும் மெதுவாகச் செயலிழக்கும். ஆனால் பெட்ரோல் வகைச் சேர்மங்களையும் மிகுதியாகத் தரும்.

சோதனையில் பிழை நுழையும் இடம் இதுதான். குழாயில் நிலைப்படுகையாக நிரப்பிய வினையூக்கியின் முற்பகுதி முதலில் செயலிழக்கும். ஊதுவத்தி எரிவதுபோல அவ்வெல்லை மெல்லப் பின்னோக்கி நகரும். பிற்பகுதியில் சிறிது உயிர் இருக்கும்வரை கருவி நூறு விழுக்காட்டு மாற்றத்தையே காட்டிக்கொண்டிருக்கும். படுகையின் பெரும்பகுதி செயலிழந்திருப்பினும் அவ்வெண் அசையாது! ஆகவே, நூறு விழுக்காட்டில் வரைந்த நேர்கோட்டை ‘நிலைப்புத்தன்மை’ என்று கொள்வது பொருந்தாது. மாற்றம் நூறுக்குக் குறைவாக உள்ள நிலையில் அளப்பதோ, ஒரு கிராம் வினையூக்கி செயலிழக்கும்வரை மாற்றிய மெத்தனாலின் மொத்த எடையை, வெப்பநிலையும் ஊட்ட வேகமும் குறித்துத் தருவதோ நேர்மையான வழி. டைமெத்தில் ஈதரை விளைபொருளாக எண்ணினால் மாற்றம் மிகைப்படும். அதனை வினைபொருளோடு சேர்ப்பதே தகும்.

தேர்திறனும் காலத்தோடு மாறும். கரி படியப் படியச் சாப்போ-34இல் எத்திலீன் பங்கு உயர்கிறது. எனவே எந்த நிமிடத்தில் மாதிரி எடுக்கப்பட்டது என்பதைக் குறிப்பிடாத ஒப்பீடு பயனற்றது.

சீனாவின் பாவ்தோவில் 2010இல் இயங்கத் தொடங்கிய ஆலை, வினையூக்கியைப் பாய்மப் படுகையில் சுழலவிட்டு, படிந்த கரியை மீளாக்கக் கலனில் இடைவிடாது எரிக்கிறது. அங்குத் துகள்கள் ஒன்றோடொன்று உராய்ந்து தேய்வதும் கணக்கில் சேரும். ஆய்வகக் குழாய்ச் சோதனை இத்தேய்மானத்தைக் காட்டுவதில்லை. அதற்குத் தனிச் சோதனை வேண்டும்.