சட்டத்தின் கை செவ்வாய் வரை நீளுமா?

கடல் கடந்து அமெரிக்காவில் குடியேறிய தன் மக்களுக்கு ஸ்பெயின் மன்னர் ஐந்தாம் சார்லஸ் 1542-இல் புதிய சட்டங்கள் போட்டார். பூர்வகுடிகளை இனி அடிமையாக்கக் கூடாது என்றார். சட்டத்தை அமலாக்க பிளாஸ்கோ நூன்யெஸ் வேலா என்பவரை பெருவுக்கு ஆளுநராக அனுப்பினார். குடியேறிகள் கொன்சாலோ பிசாரோ தலைமையில் ஆயுதம் எடுத்தார்கள். 1546-இல் கீட்டோ நகருக்கு அருகே நடந்த போரில் ஆளுநரின் தலையையே வெட்டினார்கள்.

1763-இல் பிரிட்டிஷ் அரசரும், வட அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகளுக்கு மேற்கே பூர்வகுடிகளின் நிலத்தில் குடியேறக் கூடாதென்று உத்தரவிட்டார். மக்கள் மலையைத் தாண்டிக்கொண்டே இருந்தார்கள்.

தொலைவில் குடியேறியவர்களைச் சட்டம் கட்டுப்படுத்துமா? செவ்வாயில் மனிதர்கள் குடியேறும் நாளிலும் இதே கேள்வி எழும். அங்கே உயிர் இருப்பதாக இதுவரை உறுதியான சான்று இல்லை. மண்ணுக்கடியில் ஈரமுள்ள இடங்களில் நுண்ணுயிர்கள் இருக்கலாம். நம் பாக்டீரியா அங்கே பரவினால் அவை அழியலாம். கண்டெடுக்கும் உயிர் செவ்வாயுடையதா, நம்முடையதா என்றே தெரியாமல் போகலாம்.

இதைத் தடுக்கும் சட்டத்தின் விதை ஏற்கெனவே இருக்கிறது. 1967-இன் விண்வெளி ஒப்பந்தத்தின் 9-ஆவது பிரிவு, மற்றக் கோள்களைத் தீங்காக மாசுபடுத்தக் கூடாது என்கிறது. இயந்திரங்கள் விஷயத்தில் இது ஓரளவு நடக்கிறது. செவ்வாயில் தரையிறங்கிய வைக்கிங் கலங்களை அனுப்பும் முன் 110 டிகிரி செல்சியஸுக்கு மேல் பல மணி நேரம் சுட்டெடுத்தார்கள். வியாழனின் நிலவான யூரோப்பாவில் மோதிவிடக் கூடாதென்று 2003-இல் கலிலியோ கலத்தை வியாழனுக்குள் விழச் செய்தார்கள். அதேபோல் 2017-இல் காசினி கலத்தைச் சனிக்குள். மனிதனை அப்படிச் சுட்டெடுக்க முடியாது. ஒவ்வோர் உடலும் கோடானுகோடி நுண்ணுயிர்களோடுதான் பயணம் போகும்.

மனிதர்கள் விதியை மீறவும் செய்வார்கள். 2019 ஏப்ரலில் நிலவில் விழுந்து நொறுங்கிய இஸ்ரேலின் பெரஷீட் கலத்தில், டார்டிகிரேட் என்னும் நுண்ணிய நீர்க்கரடிகள் இருந்தன. அவற்றை ஏற்றியவர்கள் கலத்தை இயக்கியவர்களுக்குக்கூடச் சொல்லவில்லை. நிலவில் உயிர் தழைக்க வழியில்லை என்பதால் பெரிய கேடு நேரவில்லை. செவ்வாயில் இதே துணிச்சல் திருத்த முடியாத சேதமாகலாம்.

ஸ்வார்ம் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு நேர்ந்தது வேறு. கண்காணிக்க முடியாத அளவுக்குச் சிறியவை என்று அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் அனுமதி மறுத்த நான்கு செயற்கைக்கோள்களை, 2018 ஜனவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் அனுப்பிவிட்டார்கள். 9 லட்சம் டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. நிறுவனமும் அதன் பணமும் பூமியில் இருந்ததால்தான் சட்டம் எட்டிப் பிடித்தது.

பிடி இருப்பது பூமியில்தான். செவ்வாய்க்கு ஒரு செய்தி போய்ச் சேரவே 3 முதல் 22 நிமிடம் ஆகும். கலம் அனுப்பத் தோதான காலம் 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். போலீஸ் அனுப்பிப் பயனில்லை. ஆனால் மருந்தும் உதிரிபாகமும் பூமியிலிருந்து போகும் வரை, விதியை மீறினால் அடுத்த சரக்கு நிற்கும் என்று உரிமத்திலேயே எழுதலாம்.

அண்டார்க்டிகா இதற்கு நல்ல முன்னோடி. 1959 ஒப்பந்தப்படி ஒரு நாட்டின் நிலையத்துக்குள் இன்னொரு நாட்டின் பார்வையாளர் எந்நேரமும் நுழைந்து சோதிக்கலாம். சீல்களுக்கு நோய் தொற்றிவிடும் என்ற அச்சத்தில், பனிச்சறுக்கு வண்டி இழுத்த நாய்களை 1994-க்குள் முழுவதும் வெளியேற்றினார்கள். அங்கே யாரும் நிரந்தரமாகக் குடியிருக்கவில்லை. எல்லாரும் தாய்நாட்டுக் கப்பலை நம்பியிருக்கிறார்கள். செவ்வாயில் பிறந்து, அங்கேயே பயிரிட்டு உண்ணும் தலைமுறைக்கு இந்தப் பிடி தளரும். ஆகவே நுழையக் கூடாத பகுதிகளையும், குடியேற்றத் தலைமைக்குக் கட்டுப்படாத சோதனையாளர்களையும் முதல் தலைமுறையிலேயே நிலைநாட்டியாக வேண்டும்.

பூமியின் எந்த அரசுக்கும் செவ்வாயில் அதிகாரமில்லை என்று அமெரிக்கச் செயற்கைக்கோள் இணையச் சேவையான ஸ்டார்லிங்க் தன் வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் எழுதிவைத்தது. 1967 ஒப்பந்தத்தின் 6-ஆவது பிரிவோ, தனியார் செயல்களுக்கு அனுமதி தந்து தொடர்ந்து கண்காணிப்பது அவரவர் அரசின் கடமை என்கிறது. அமெரிக்கா அதில் கையெழுத்திட்ட நாடு. முதல் குடியேற்றக் கலத்துக்கு உரிமம் தரும் அன்றே வாஷிங்டன் இந்த நிபந்தனைகளை எழுதிச் சேர்க்க வேண்டும்.