எலிக்கு இடம் கொடாத வீடு

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது பழமொழி. முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் ஆண்டுக்கணக்கில் ஒதுங்கி வாழ்ந்த எமக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அரும்பாடுபட்டு அமைத்த அந்தத் தனி வளைக்குள் உண்மையான எலிகளே குடிவந்துவிட்டால் என்ன செய்வது?

வன்னியில் ஒரு தாய். கணவர் இல்லை. மூத்த மகன் 2009இல் காணாமற் போனவர். காலபோகத்துக்கென அறை மூலையில் அடுக்கியிருந்த விதைநெல் மூட்டைகளை எலிகள் கடித்துக் கொட்டிவிட்டன. அதைவிடப் பெரிய இழப்பு பரணில் நடந்தது. மகனைப் பற்றி முறைப்பாடு செய்த துண்டு, அவனது பாடசாலை அறிக்கை, ஒரேயொரு படம் எல்லாம் ஒரு துணிப்பையில் இருந்தன. அவற்றைத் துண்டு துண்டாக்கி எலி கூடு கட்டியிருந்தது. நெல் அடுத்த போகத்தில் விளையும். படம் விளையுமா?

எலியை விரட்டுவது ஆண்களின் வேலை என்று நாம் விட்டுவிட வேண்டியதில்லை. ஒரு துண்டுத் தகரம், கொஞ்சம் சீமெந்து, ஒரு பகற்பொழுது போதும்.

எலியின் வழக்கம்

எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே அது எதையாவது கடித்துக்கொண்டே இருக்கும். மரம், பிளாஸ்ரிக், மின்கம்பி எதையும் விடாது. கடிபட்ட மின்கம்பியால் வீடு தீப்பற்றவும் கூடும். பெண் எலி ஏறத்தாழ மூன்று வாரம் சினைப்பட்டிருந்து ஒரே ஈற்றில் ஆறு, ஏழு குட்டிகள் போடும். ஆகவே இன்று கண்ட ஒன்றிரண்டை அலட்சியம் செய்தால் சில மாதங்களில் பெருங்கூட்டமாகிவிடும். எலியைத் தேடிப் பாம்பும் வரும். பாயில் படுத்துறங்கும் குடும்பங்கள் இதை மறக்கக் கூடாது.

உணவும் உறைவிடமும் கிடைக்கும் வரையில் எத்தனை எலியைக் கொன்றாலும் புதியவை வந்து சேரும். எனவே முதல் வேலை கொல்வது அல்ல, வழியை அடைப்பது.

வழியை அடையுங்கள்

சுண்டெலிக்கு ஒரு பென்சில் நுழையும் துளையே போதும். பெரிய எலிக்குப் பெருவிரல் நுழையும் துளை போதும். பகலில் அறையை இருட்டாக்கிப் பாருங்கள். வெளிச்சம் எங்கே தெரிகிறதோ அங்கே வழி இருக்கிறது. சுவர்த் துளைகளில் பாத்திரம் தேய்க்கும் கம்பிச்சுருளைத் திணித்து, மேலே சீமெந்து பூசுங்கள். துணியோ கடதாசியோ வைத்து அடைத்தால் ஒரே இரவில் கடித்துவிடும். கதவின் அடிப்பகுதியில் தகரப் பட்டி அடியுங்கள்.

கூரைக்கு வரும் எலி பெரும்பாலும் மரத்தால் வருகிறது. கூரையைத் தொடும் கிளைகளை நாலடி இடைவெளி வரத் தறியுங்கள். தென்னையில் ஆளுயரத்துக்கு மேலே ஒன்றரை அடி அகலத் தகரத்தைச் சுற்றி அடித்தால் எலி வழுக்கி விழும். குரும்பையும் தப்பும். கிடுகுக் கூரையானால் பழைய கிடுகுகளை வளவில் குவித்து வைக்காதீர்கள். விறகையும் ஓலையையும் சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள்.

உணவை மறையுங்கள்

நெல் மூட்டைகளைப் பலகை மேல், நிலத்திலிருந்தும் சுவரிலிருந்தும் ஓரடி தள்ளி அடுக்குங்கள். விதைநெல்லை மூடியுள்ள தகரப் பீப்பாயில் இடுவது இன்னும் நல்லது. அரிசி, மா, புழுக்கொடியல், கருவாடு ஆகியவற்றை இறுகிய மூடியுள்ள ரின்களிலும் போத்தல்களிலும் வையுங்கள். இரவில் எச்சிற் கோப்பைகளைக் கழுவிவிட்டே படுங்கள். கோழித் தீனியைக் கூட்டில் விடாதீர்கள். குப்பை வாளியை மூடுங்கள்.

பொறியும் நஞ்சும்

எலி புதிய பொருளைக் கண்டு அஞ்சும். ஆகவே பொறியை முதல் மூன்று நாட்கள் இரை மட்டும் வைத்து, விசையை ஏற்றாமல் விடுங்கள். பயம் தெளிந்த பின் ஏற்றுங்கள். எலி சுவரோரமாகவே ஓடும் என்பதால் பொறியையும் அங்கே வையுங்கள். சுட்ட கருவாட்டுத் துண்டும் தேங்காய்ச் சொட்டும் நல்ல இரை. செத்த எலியை வெறுங்கையால் தொடாமல் ஆழப் புதைத்து, கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

எலி நஞ்சை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருப்பதே நல்லது. எலிக்குப் பயந்து வீட்டைச் சுட்ட கதையாகிவிடும். பிள்ளையின் கைக்கு அது எட்டலாம். நொந்த மனத்துடன் இருப்பவரின் கைக்கும் எட்டலாம். யாராவது உட்கொண்டால் அறிகுறி வரும்வரை காத்திராதீர்கள். சிலவகை நஞ்சு பல நாட்கள் கழித்தே வேலை செய்யும். நஞ்சுப் பைக்கற்றையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

எலிக்காய்ச்சல்

எலியின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் இருக்கும் கிருமி, காலில் உள்ள வெடிப்பு, புண், கண், வாய் வழியாக உடலுக்குள் புகும். 2008இல் இலங்கையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்நோயால் பாதிக்கப்பட்டனர். 2024 டிசம்பரில், மழை வெள்ளத்துக்குப் பின் யாழ்ப்பாணத்திலும் இது உயிர்களைப் பறித்தது.

கடும் காய்ச்சல், தலையிடி, கெண்டைக்கால் தசைநோ, கண் சிவத்தல், வாந்தி, சிறுநீர் குறைதல் என்பன அறிகுறிகள். எல்லாம் சேர்ந்து வரவேண்டும் என்பதில்லை. தாமதித்தால் சிறுநீரகமும் ஈரலும் நுரையீரலும் பழுதடையும். காய்ச்சல் கண்டால் கைமருந்தோடு நிற்காமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வயலில் இறங்கியதையும் வெள்ளத்தில் நடந்ததையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். வயல் வேலைக்கு முன் தடுப்பு மாத்திரை பெறுவது பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தம் நிலையைச் சொல்லியே மருந்து பெற வேண்டும். புண்ணை மூடிக் கட்டாமல் சேற்றில் இறங்காதீர்கள். எலிப் புழுக்கையை உலர்ந்தபடி கூட்டாமல், பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் தெளித்து, ஊறவிட்டுத் துடைத்தெடுங்கள்.

கடதாசிகளைக் காப்பாற்றுங்கள்

பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, முறைப்பாட்டுத் துண்டு, படங்கள் யாவற்றையும் பொலித்தீன் உறையிலிட்டு, இறுக மூடும் பிஸ்கற் ரின்னில் வையுங்கள். எல்லாவற்றுக்கும் நிழற்பிரதி எடுத்து நம்பிக்கையான உறவினர் வீட்டில் ஒரு தொகுதி கொடுத்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் மீண்டும் பெறலாம். ஒரு பிள்ளையின் கையெழுத்தை எந்த அலுவலகமும் மீண்டும் தராது.

ஒரு வீடு மட்டும் சுத்தமானால் எலி அடுத்த வீட்டுக்குப் போய்த் திரும்பி வரும். ஆகவே அயலவர் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே நாளில் வளவுகளைத் துப்புரவு செய்யுங்கள். ஏணி பிடிக்க ஒருவர், தகரம் வெட்ட ஒருவர் எனக் கைமாறினால் வேலை இலகுவாகும். இன்றிரவே தொடங்க விரும்பினால் பரணில் உள்ள துணிப்பையை முதலில் இறக்குங்கள்.