சதுப்புக் காட்டுக்குச் சக்கரத்தில் போக: கோல சிலாங்கூரில் கேட்டுப் பெற வேண்டியவை

அசாம் ஜாவா, புக்கிட் ரோத்தான் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா தூரமே இல்லை. காரில் போனால் கால் மணி, மிஞ்சினால் இருபது நிமிடம். மலேசிய இயற்கைக் கழகத்தின் முயற்சியால் 1987-இல் உருவான பூங்கா அது. புக்கிட் மலாவத்தியின் அடிவாரத்தில் அலையாத்திக் காடு, பறவைகள் இறங்கும் குளம், மரத்துக்கு மரம் தாவும் வெள்ளி லங்கூர்கள் என்று ஒரு பகல் முழுக்கப் பார்க்க இருக்கிறது. இரவானால் கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள். 2011-இல் லத்தார் நெடுஞ்சாலை திறந்த பிறகு கோலாலம்பூர்க்காரர்கள் சாயங்காலம் கிளம்பி வந்து பார்த்துவிட்டு இரவே வீடு திரும்பிவிடுகிறார்கள். இந்த ஊர்க்காரர்களாகவே இருந்தும், சக்கர நாற்காலியில் இருக்கிறார்கள் என்ற ஒரே காரணத்தால் அங்கே அழைத்துப் போகப்படாதவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அப்படிப்பட்டவர்கள் நம்மிடையே குறைவு என்று எண்ண வேண்டாம். சுகாதார அமைச்சின் 2019 ஆய்வின்படி, மலேசிய இந்தியர்களில் வயது வந்த நூறு பேரில் 31 பேருக்கு நீரிழிவு இருந்தது; நாட்டின் சராசரி 18. நீரிழிவு முற்றினால் அது கால் எடுப்பதில் எப்படி முடியும் என்று தோட்டப்புறக் குடும்பங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கவாதம், செம்பனைக் காட்டு விபத்து, மோட்டார் சைக்கிள் விபத்து என்று மற்ற வழிகளும் இருக்கின்றன. கால் போனவருக்கு மருந்தும் சோறும் கிடைக்கின்றன. வெளியே போவது மட்டும் நின்றுவிடுகிறது. அதை ஓர் இழப்பாகவே நாம் கணக்கில் எடுப்பதில்லை. ஆயுள் முழுக்க வெளிக்காட்டில் வேலை செய்த மனிதருக்கு நான்கு சுவருக்குள் அடைந்து கிடப்பது எத்தனை பெரிய தண்டனை!

சாதாரணச் சக்கர நாற்காலி காட்டுப் பாதைக்கு ஆகாது. முன்னால் இருக்கிற சின்னச் சக்கரங்கள் மண்ணில் புதையும், வேரில் தட்டும், பலகை இடுக்கில் மாட்டும். இதற்கென்றே செய்த வண்டிகள் உலகில் பல வகை. பிரான்சில் மலை வழிகாட்டி ஜோயல் கிளோடல், தசைநோயால் நடக்க முடியாமல் போன தம் உறவுச் சிறுவனை மலைக்குக் கூட்டிப் போக 1987-இல் ‘ஜொலெட்’ வண்டியைச் செய்தார். ஒரே ஒரு சக்கரம், நடுவில் இருக்கை. முன்னால் ஒருவர் இழுக்க, பின்னால் ஒருவர் தாங்கிப் பிடிப்பார். கனடாவின் வான்கூவரில் கழுத்தெலும்பு முறிந்து கைகால் செயலிழந்த சாம் சலிவன் இதே வகையில் ‘டிரெயில்ரைடர்’ வண்டி உருவாகக் காரணமானார். பின்னாளில் அந்நகரின் மேயரும் ஆனார். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலப் பூங்காக்கள் இந்த வண்டியை இலவசமாகவே இரவல் தருகின்றன. அமெரிக்காவில் கொலராடோ, மினசோட்டா, ஜார்ஜியா மாநிலப் பூங்காக்களில் பீரங்கி வண்டிபோல் பட்டைச் சங்கிலியில் ஓடும் மின்நாற்காலிகள் இருக்கின்றன. நமக்குக் கொஞ்சம் கிட்டத்தில், சென்னை ஐஐடியில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் குழுவின் ஆய்விலிருந்து 2021-இல் வெளிவந்த ‘நியோபோல்ட்’, சக்கர நாற்காலியின் முன்னால் பூட்டிக்கொள்ளும் மின்வண்டி. மேடு பள்ளமான தெருவிலும் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரை போகும்.

இவற்றைப் பார்த்ததும் ஒன்றை வாங்கிவிடலாம் என்று தோன்றும். வாங்க வேண்டாம் என்பேன். பட்டைச் சங்கிலி மின்நாற்காலியின் விலை பல்லாயிரம் ரிங்கிட்; ஆள் ஏறாமலே 150 கிலோவுக்கு மேல் எடை. அதை ஏற்றிப் போக லாரி வேண்டும், வீட்டில் நிறுத்த இடம் வேண்டும். வருடத்தில் நான்கு முறை காட்டுக்குப் போக ஒரு குடும்பம் தலையில் ஏற்றிக்கொள்ளும் சுமையா அது? வண்டி பூங்காவின் நுழைவாயிலில் இருக்க வேண்டும். வருகிறவர் கேட்டால் கிடைக்க வேண்டும். விக்டோரியாவும் மினசோட்டாவும் செய்வது அதைத்தான். இரக்கப்பட்டு யாரோ ஒருவருக்கு ஒரு வண்டியை அன்பளித்துப் படம் எடுத்துக்கொள்வதைவிட, பூங்காவின் சொத்தாக ஒரு வண்டி இருப்பது ஐம்பது குடும்பங்களுக்கு உதவும்.

இதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறதா? இருக்கிறது. 2008-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டம், அதாவது சட்டம் 685, அதன் 26-ஆம் பிரிவில் பொது வசதிகளையும் சேவைகளையும் கட்டடங்களையும் மற்றவர்களுக்குச் சமமாக அணுகிப் பயன்படுத்தும் உரிமையைத் தருகிறது. அவற்றை நடத்துவோர் எல்லோருக்கும் பொருந்தும் வடிவமைப்பைக் கருத்தில் கொண்டு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. 32-ஆம் பிரிவு இன்னும் நேரடியானது: பொழுதுபோக்கு, ஓய்வு, விளையாட்டு ஆகியவற்றில் சமமாகப் பங்கு பெறும் உரிமை. ‘மாற்றுத் திறனாளிக்கு ஆபத்து நேரும் சூழ்நிலை இருந்தால் தவிர’ என்ற நிபந்தனை இரண்டு பிரிவுகளிலும் உண்டு. இந்த நிபந்தனையை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். “ஆபத்துங்க, உள்ளே விட முடியாது” என்று வாசலில் சொல்கிறவர் இதைத்தான் பிடித்துக்கொள்வார். எந்த இடத்தில் என்ன ஆபத்து, அதை நீக்க என்ன செய்தீர்கள் என்று எழுத்தில் கேட்பதே அதற்கான பதில்.

சட்டத்தின் பலவீனத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்த உரிமையை மறுப்பவருக்கு என்ன தண்டனை என்று சட்டம் 685 எங்கும் சொல்லவில்லை. நல்லெண்ணத்தில் செய்ததற்கோ செய்யத் தவறியதற்கோ அரசாங்கத்தின் மீது வழக்குப் போட முடியாதபடி 41-ஆம் பிரிவு காக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) விதி சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பாலினம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது. உடற்குறை அந்தப் பட்டியலில் இல்லை. மலேசியா 2010-இல் ஐநாவின் மாற்றுத் திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றபோதுகூட, பண்பாடு, பொழுதுபோக்கு பற்றிய 30-ஆம் விதி உள்நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது என்று அறிக்கை கொடுத்தே ஏற்றது. எனவே நீதிமன்றத்தை நம்பி இறங்குவது வீண் அலைச்சலாகலாம். எழுத்து, எண்ணிக்கை, சரியான நேரம் ஆகிய மூன்றும் இங்கே அதிகம் சாதிக்கும்.

வண்டியைப் போலவே பாதையும் முக்கியம். கட்டடங்களில் சரிவுப் பாதைக்கு 12-க்கு 1 என்பது நம் நாட்டிலும் தெரிந்த அளவு: ஓர் அடி ஏற, பன்னிரண்டு அடி நீளம். காட்டுப் பாதை முழுவதற்கும் இது சரிவராது. அமெரிக்க மத்திய அரசு 2013-இல் தன் நிலங்களில் உள்ள நடைபாதைகளுக்கென்று தனி விதி வகுத்தது. குறைந்தது 915 மில்லிமீட்டர் அகலம். உறுதியான, புதையாத தரை. 12-க்கு 1-ஐவிடச் செங்குத்தான சரிவு மொத்த நீளத்தில் நூற்றுக்கு 30 பங்குக்கு மேல் கூடாது. அந்த விதியில் எனக்கு மிகவும் பிடித்தது பலகைதான். பாதை தொடங்கும் இடத்தில் புதிதாக வைக்கும் தகவல் பலகையில் நீளம், தரை வகை, அகலம், சரிவு எல்லாவற்றையும் எழுத வேண்டும். படித்துப் பார்த்து, போகலாமா வேண்டாமா என்று சக்கர நாற்காலியில் இருப்பவரே முடிவு செய்துகொள்வார். இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு வேண்டாம். ஓர் அளவு நாடா, ஒரு பலகை, ஒரு நாள் வேலை போதும். கோல சிலாங்கூரில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

சதுப்புநிலத்து மரப்பாலம் உப்புநீரிலும் மழையிலும் சீக்கிரம் உளுத்துப் போகும். ஆணி கழன்று பலகை தூக்கும். கனமான மின்நாற்காலியை அதன் மேல் விடுவதற்கு முன் பாலம் எவ்வளவு எடை தாங்கும் என்று பொறியாளர் சொல்ல வேண்டும். என் கருத்தில், இந்தக் கடற்கரைக்கு முதலில் ஏற்றது ஜொலெட் போன்ற இலேசான கைவண்டியும் பயிற்சி பெற்ற இளைஞர்களும்தான். சேறு நிறைந்த கரைகளில் சங்கிலி வண்டி இறங்கவே கூடாது; அது பறவைகள் இரை தேடும் இடம். சென்னை மெரினாவின் அனுபவமும் நமக்குப் பாடம். 2022 நவம்பரில் மணலின் குறுக்கே கடலை நோக்கி ஏறத்தாழ 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை திறந்தார்கள். பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தவர்கள் நாற்காலியிலேயே அலையருகே போனார்கள். இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியை உடைத்துப் போட்டது. பிறகு செப்பனிட்டுத் திறந்தார்கள். பாதை கட்டும் செலவோடு பராமரிப்புச் செலவையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

படகுத்துறை இன்னொரு கண்டம். சிலாங்கூர் ஆற்றின் அந்தப் பகுதியில் கடல்நீர் ஏறி வற்றும். நீர் நிறைந்திருக்கும்போது மிதக்கும் துறைக்கு இறங்கும் பலகை ஏறக்குறைய மட்டமாக இருக்கும். வற்றினால் அதே பலகை செங்குத்தாகிவிடும். மின்மினி பார்க்கப் போகும் முன், அன்றிரவு நீர் ஏற்றம் எத்தனை மணிக்கு என்று படகுக்காரரிடம் போனில் கேளுங்கள். ஆளைத் தூக்கி ஏற்றுவதாகச் சொன்னால், எத்தனை பேர், உயிர்காப்புச் சட்டை எந்த அளவு என்பதையும் கேளுங்கள். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவது பக்கவாதம் வந்தவரின் தோள்மூட்டை விலக்கிவிடும். மலாவத்தி மலைக்கு ஏறும் டிராமில் நாற்காலி ஏறுமா என்பதும் முன்கூட்டியே கேட்க வேண்டிய கேள்வி.

உடம்பைப் பற்றிச் சிலவற்றை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு அழைத்துப் போகிறவர்களுக்கு இவை தெரிவதில்லை. முதுகுத்தண்டு மேல்பகுதியில் அடிபட்டவருக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்வை சரியாக வராது. அலையாத்திக் காட்டுப் புழுக்கத்தில் உடல் சூடு வேகமாக ஏறும். நனைத்த துணியும் தண்ணீரும் நிழலும் வேண்டும். உணர்ச்சி இல்லாத இடுப்பில், குலுங்கும் வண்டியில் மணிக்கணக்கில் உட்கார்ந்தால் படுக்கைப்புண் வரும். கால் மணிக்கு ஒரு முறையாவது உடல் எடையை மாற்றி உட்கார வையுங்கள், வீடு திரும்பியதும் தோலைப் பாருங்கள். நீரிழிவுக்காரர் சிலிப்பர் போட்டுக்கொண்டு போகக் கூடாது. வேரில் இடித்துக் காயம்பட்டாலும் அவருக்கு வலிக்காது. மலையில் குரங்குகள் தின்பண்டத்துக்காகப் பாயும். எழுந்து விலக முடியாதவரின் மடியில் உணவுப் பையை வைக்காதீர்கள். மின்வண்டியானால் பாட்டரியில் உப்புநீர் படக் கூடாது, ஈரத்தோடு சார்ஜ் போடக் கூடாது. பூங்காவுக்குள் ஓட்டும் வண்டி சாலைக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடாதீர்கள். 2021 டிசம்பரில் வந்த விதி மின்ஸ்கூட்டர் போன்ற சிறு வாகனங்களைச் சாலையில் தடை செய்திருக்கிறது. உங்கள் வண்டி எந்த வகை என்று சாலைப் போக்குவரத்து இலாகாவில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கிள்ளான் சாலையில் இறங்க வேண்டாம்.

பணம், பத்திரம் விஷயத்துக்கு வருவோம். ஓகேயூ எனப்படும் மாற்றுத் திறனாளி அட்டை இல்லாதவர்கள் நம் தோட்டப்புறத்தில் இன்னும் இருக்கிறார்கள். மருத்துவர் நிரப்பிய பாரத்தோடு சமூகநல இலாகாவில் பதிந்தால் அட்டை கிடைக்கும். பதிவு கட்டாயமில்லை, ஆனால் சக்கர நாற்காலி, செயற்கைக் கால் போன்றவற்றுக்கு அந்த இலாகாவின் உதவித்தொகையைக் கேட்க அட்டை வேண்டும். வேலை செய்த காலத்தில் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்குச் சந்தா பிடிக்கப்பட்டவர், வேலை விபத்திலோ நோயிலோ முடமானால், சொக்சோவிடமே செயற்கை உறுப்பும் சக்கர நாற்காலியும் மறுவாழ்வுப் பயிற்சியும் கேட்கலாம். வருமான வரி கட்டும் பிள்ளைகள், ஓகேயூவான பெற்றோருக்கு வாங்கும் அடிப்படைத் துணைக் கருவிகளுக்கு 6,000 ரிங்கிட் வரை கழிவு கோரலாம். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

விலை கொடுத்து வாங்கிய வண்டி சொன்னபடி ஓடவில்லை என்றால் மலேசியப் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரை, மூன்று ஆண்டுக்குள், வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே கோரலாம். வண்டியால் உடலில் காயம் ஏற்பட்டதற்கான இழப்பீட்டை அந்த மன்றம் விசாரிக்காது. அதற்குச் சிவில் நீதிமன்றம்தான். சுற்றுலா நடத்துபவர் ‘எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல’ என்ற தாளில் கையெழுத்துக் கேட்கலாம். போட்டாலும் எல்லாம் முடிந்துவிடாது. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 2010-இல் சேர்த்த திருத்தம், போதிய நியாயமின்றிக் கவனக்குறைவுக்கான பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் ஒப்பந்த விதியை நியாயமற்றது என்கிறது. அந்தத் தாளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் திருப்பி அனுப்பப்பட்டால் வாக்குவாதம் வேண்டாம். தேதி, நேரம், சொல்லப்பட்ட காரணம், தடையாக இருந்த படி அல்லது உடைந்த பலகையின் படம் ஆகியவற்றோடு பூங்கா நிர்வாகத்துக்கும் கோல சிலாங்கூர் நகராண்மைக் கழகத்துக்கும் எழுதுங்கள். 26, 32 பிரிவுகளைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். பதில் இல்லை என்றால் மனித உரிமை ஆணையமான சுஹாகாமுக்குப் புகார் அனுப்பலாம். அதற்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. விசாரித்து விளக்கம் கேட்கும் அதிகாரம் உண்டு. தனியாள் கடிதத்தைவிட, கோயில் நிர்வாகமும் பள்ளிப் பெற்றோர் சங்கமும் இளைஞர் மன்றமும் சேர்ந்து கையெழுத்திட்ட கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

நேரம் முக்கியம் என்றேன். பாலம் கட்டி முடிந்த பிறகு அகலப்படுத்தச் சொன்னால் நிதி இல்லை என்பார்கள். மாவட்டத்தின் உள்ளூர்த் திட்ட நகல் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, ஆட்சேபமும் ஆலோசனையும் தரச் சட்டமே இடம் தருகிறது. ஓகேயூ குடும்பங்கள் அந்த வாரங்களில் நகராண்மைக் கழக அலுவலகத்துக்குப் போக வேண்டும். பாதை விவரப் பலகை, மிதக்கும் படகுத்துறை, நுழைவாயிலில் இரவலுக்கு ஒரு கைவண்டி, அதை இழுக்கப் பயிற்சி பெற்ற தோட்டத்து இளைஞர்கள் நால்வர் என்று தெளிவாக எழுதிக் கொடுங்கள். நகல் ஒன்றைச் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு இரண்டு இடத்திலும் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.