கூகுள் ஆப் எஞ்சினில் செயலி எழுதக் கற்றல்

கூகுள் ஆப் எஞ்சின் என்பது இணையச் செயலிகளை எழுதி, அவற்றைக் கூகுளின் தரவு மையங்களிலேயே இயங்க விடுவதற்கான மேகக் கணிமைத் தளம் ஆகும். 2008 ஏப்ரல் 7 அன்று இது முன்னோட்டமாக வெளியானது. தொடக்கத்தில் 10,000 நிரலர்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. பைதான் மொழியில் மட்டுமே எழுத முடிந்தது. பின்னர் 2009இல் ஜாவா, 2011இல் கோ, 2013இல் பிஎச்பி ஆகிய மொழிகள் சேர்ந்தன. பைதான் மொழியை உருவாக்கிய குயிடோ வான் ரோசம் அப்போது கூகுளில் பணியாற்றினார். இத்தளத்துக்கான என்டிபி என்ற தரவு நூலகத்தை எழுதியவர் அவரே.

மேகக் கணிமையைக் கற்க வரும் மாணவருக்கு இது நல்ல பயிற்சிக்களம். மடிக்கணினியில் சரியாக ஓடும் நிரல் மேகத்தில் ஏன் தடுமாறுகிறது என்பதை இது மிக விரைவில் காட்டிவிடும்.

எந்த அடுக்கில் இருக்கிறது

மேகச் சேவைகளை மூன்று அடுக்குகளாகப் பிரிப்பது வழக்கம். அமேசானின் இசி2 போன்றவை கணினியையே வாடகைக்குத் தருகின்றன. இயங்குதளத்தைப் பராமரிப்பதும் பாதுகாப்புத் திருத்தங்களைப் போடுவதும் நம் வேலை. ஜிமெயில் போன்றவை முழுமையான மென்பொருள்கள். நாம் பயன்படுத்தினால் போதும். இவ்விரண்டுக்கும் நடுவில் இருப்பது தளச் சேவை. நிரலை மட்டும் நாம் கொடுக்கிறோம், வழங்கியைத் தளம் பார்த்துக்கொள்கிறது. ஆப் எஞ்சினும் ஹெரோக்குவும் இவ்வகையைச் சேர்ந்தவை.

முதல் செயலி

பைதானில் தொடங்குவோருக்கு மூன்று கோப்புகள் போதும். ஒன்றில் நிரல் இருக்கும். பெரும்பாலும் ஃபிளாஸ்க் கட்டமைப்பில் எழுதுவார்கள். இரண்டாவது, தேவைப்படும் நூலகங்களின் பட்டியல். மூன்றாவது ஆப்.யாம்ல் என்ற அமைப்புக் கோப்பு; எந்த மொழியின் எந்தப் பதிப்பு வேண்டும் என்று ஒரே வரி எழுதினாலும் அது செல்லும். முனையத்தில் ஒரு கட்டளை கொடுத்தால் நிரல் பதிவேறி, ஆப்ஸ்பாட்.காம் என்று முடியும் முகவரி ஒன்று கிடைக்கும்.

இதற்கு முன் ஒரு கேள்வி வரும்: செயலி எந்த வட்டாரத்தில் இயங்க வேண்டும்? இதை அவசரமாக அழுத்திவிடக் கூடாது. ஒருமுறை தேர்ந்தெடுத்த வட்டாரத்தைப் பிறகு மாற்ற இயலாது; புதிய திட்டம் தொடங்கித்தான் மாற்ற வேண்டும். பயனர்கள் தமிழ்நாட்டில் இருந்தால் மும்பை வட்டாரம் பொருத்தமானது.

எண்ணிக்கை மறக்கும் நிரல்

இனித்தான் உண்மையான பாடம் தொடங்குகிறது. பக்கத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் நிரலை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு மாறியில் சுழியத்தை வைத்து, ஒவ்வொருவர் வரும்போதும் ஒன்றைக் கூட்டினால் முடிந்தது. மடிக்கணினியில் இது பிசகாமல் ஓடும்.

மேகத்தில் ஏற்றியதும் வேடிக்கை தொடங்கும். உலாவியில் 14 என்று காட்டும். மறுபடி திறந்தால் 9 என்று காட்டும். மறுநாள் காலையில் பார்த்தால் 1. நிரலில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை. வருகை கூடும்போது தளம் அதே நிரலை இன்னொரு படியாகவும் இயக்குகிறது. இன்ஸ்டன்ஸ் எனப்படும் இந்தப் படிகள் ஒவ்வொன்றுக்கும் தனி நினைவகம் உண்டு. ஒன்று 14 வரை எண்ணியிருக்கும்போது மற்றது 9 வரைதான் எண்ணியிருக்கும். சற்று நேரம் யாரும் வராவிட்டால் தளம் எல்லாப் படிகளையும் நிறுத்திவிடும். நினைவகத்தில் இருந்த எண்ணும் அவற்றோடு போய்விடும்.

சரி, கோப்பில் எழுதி வைக்கலாமே என்று அடுத்துத் தோன்றும். அதுவும் உதவாது. நிரல் இருக்கும் கோப்புறையில் எழுத அனுமதி இல்லை. தற்காலிகக் கோப்புறை ஒன்று உண்டு. ஆனால் அதில் எழுதுவது அந்தப் படியின் நினைவகத்திலேயே சேரும், படியோடு சேர்ந்தே மறையும். நிலைத்திருக்க வேண்டிய எதுவும் நிரலுக்கு வெளியே, தரவுத்தளத்திலோ கோப்புச் சேமிப்பகத்திலோ இருக்க வேண்டும். மேகத்தில் நிரல் எழுதுவதன் அடிப்படை இதுதான். அமேசானுக்குப் போனாலும் அஸ்யூருக்குப் போனாலும் இது மாறாது.

எண்ணைத் தரவுத்தளத்தில் வைத்த பிறகும் கதை முடிவதில்லை. ஆப் எஞ்சினின் தொடக்க காலத் தரவுத்தளமான டேட்டாஸ்டோர், கூகுளின் பிக்டேபிள் மீது கட்டப்பட்டது. அதில் ஒரே பதிவை நொடிக்கு ஏறத்தாழ ஒரு முறைக்கு மேல் மாற்றுவது பாதுகாப்பல்ல. ஒரே நேரத்தில் நூறு பேர் வந்தால், நூறு பேரும் அந்த ஒரே பதிவுக்காக வரிசையில் நிற்க நேரிடும்; சிலருக்குப் பிழைச் செய்தி போகும். இதற்கு நிரலர்கள் கண்ட வழி எளிமையானது. ஓர் எண்ணுக்குப் பதிலாக இருபது எண்களை வைத்துக்கொண்டு, வருபவரின் கணக்கை ஏதோ ஒன்றில் குருட்டாம்போக்கில் கூட்டுவது. மொத்தம் தேவைப்படும்போது இருபதையும் கூட்டிச் சொல்வது. கோயில் திருவிழாவில் ஒரே உண்டியலுக்குப் பதில் பல உண்டியல்கள் வைப்பது போன்றதுதான்.

விருந்தினர் பதிவேடு

ஆப் எஞ்சினைக் கற்ற முதல் தலைமுறையினர் எல்லோரும் எழுதிப் பார்த்த பயிற்சி, விருந்தினர் பதிவேடு. பயனர் ஒரு செய்தியை எழுதி அனுப்ப, அது பக்கத்தில் தோன்றும். 2011இல் தரவுகளைப் பல தரவு மையங்களில் படியெடுத்து வைக்கும் புதிய டேட்டாஸ்டோர் வந்ததும் இந்த எளிய பயிற்சியே சிக்கலாயிற்று. செய்தியை அனுப்பியவருக்கு, பக்கம் மீண்டும் திறக்கும்போது தன் செய்தியே தெரியாமல் போகலாம். பட்டியல் சற்றுத் தாமதித்துத்தான் புதுப்பிக்கப்படும். எல்லாச் செய்திகளையும் ஒரே குழுவாகக் கட்டினால் உடனே தெரியும்; ஆனால் அப்போது முழுப் பதிவேட்டுக்கும் நொடிக்கு ஒரு செய்தி என்ற வரம்பு வந்துவிடும். உடனடித் துல்லியமா, வேகமா என்று செயலியின் தேவையைப் பார்த்து நிரலர்தான் தீர்மானிக்க வேண்டியிருந்தது. பின்னர் வந்த ஃபயர்ஸ்டோர் இந்தத் தாமதத்தை நீக்கிவிட்டது. ஆனாலும் பல தரவு மையங்களில் பரவிய வேறு தரவுத்தளங்களில் இதே கேள்வி இன்றும் எழுகிறது.

செலவு

மாணவர்கள் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் இது. ஆப் எஞ்சினில் நிலையான சூழல், நெகிழ்வான சூழல் என இரண்டு உண்டு. நிலையான சூழலில் யாரும் வராதபோது படிகளின் எண்ணிக்கை சுழியமாகும். சிறிய படிகளுக்கு நாளொன்றுக்கு 28 மணி நேரம் இலவசம். நெகிழ்வான சூழலில் குறைந்தது ஒரு படியாவது இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும், அதற்குக் கட்டணமும் ஏறிக்கொண்டே இருக்கும். ஏதோ ஒரு வழிகாட்டியிலிருந்து அமைப்புக் கோப்பை அப்படியே நகலெடுத்து, நெகிழ்வான சூழலைத் தெரியாமல் தேர்ந்தெடுப்பது தொடக்கநிலையினர் எளிதில் செய்யக்கூடிய தவறு.

இன்னொன்று: கட்டணப் பகுதியில் வரவுசெலவு எல்லை குறிக்கும் வசதி இருக்கிறது. பெயரைப் பார்த்து, அந்தத் தொகை வந்ததும் சேவை நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். மின்னஞ்சலில் எச்சரிக்கை வரும், அவ்வளவுதான். செயலி ஓடிக்கொண்டே இருக்கும். அமைப்புக் கோப்பில் படிகளின் உச்ச எண்ணிக்கையை ஒன்று அல்லது இரண்டு என்று எழுதிவைப்பது நல்லது. பயிற்சி முடிந்ததும் திட்டத்தையே நீக்கிவிடலாம்.

பழைய நிரல்களின் கதி

தொடக்க காலத்தில் தரவு, பயனர் கணக்கு, மின்னஞ்சல், பணிவரிசை ஆகிய அனைத்தும் ஆப் எஞ்சினுக்கே உரிய நூலகங்களாக இருந்தன. எழுதுவது மிக எளிது. வேறு இடத்துக்குக் கொண்டுபோவதுதான் கடினம். 2011இல் கட்டண முறை படிகள் ஓடும் நேரத்தின் அடிப்படைக்கு மாறியபோது, செலவு கூடிய பலர் வெளியேற எண்ணினார்கள். நிரலை மாற்றி எழுதாமல் அது முடியவில்லை. 2018இல் பைதான் 3.7 சூழல் வந்தபோது அந்தப் பழைய நூலகங்கள் அதில் இடம்பெறவில்லை. பைதான் 2.7க்கான ஆதரவு 2024 ஜனவரி இறுதியில் முடிந்தது.

ஆகவே இன்று தொடங்குபவர், தரவுத்தளத்தோடு பேசும் வரிகளை எல்லாப் பக்கங்களிலும் இறைக்காமல் ஒரே கோப்பில் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. பக்கங்கள் ஃபிளாஸ்க்கில் இருந்தால் அவை பெரிய மாற்றமின்றி வேறு தளத்திலும் ஓடும். அந்த ஒரு கோப்பை மட்டும் மாற்றி எழுதினால் போதும்.