124 கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம்?

ஏழாம் வகுப்பில் வேகம், தூரம், காலம் பற்றிய பாடத்தை முடித்ததும் ஒரு சிறுதேர்வு வைத்தேன். மதுரை விமான நிலையத்திலிருந்து தூத்துக்குடி விமான நிலையத்துக்கு நேரடி விமானம் ஒன்று இருப்பதாகக் கொண்டால், பயணத்துக்கு எவ்வளவு நேரமாகும் என்பது அதில் ஒரு கேள்வி. தூரத்தையும் மாணவர்களே கண்டறிய வேண்டும்.

இரு நிலையங்களும் ஏறக்குறைய ஒரே தீர்க்கக்கோட்டில், 78° கிழக்கில் உள்ளன. மதுரை நிலையம் 9°50' வடக்கிலும், தூத்துக்குடி நிலையம் 8°43' வடக்கிலும் இருக்கின்றன. வித்தியாசம் 67 நிமிடங்கள். இங்கே நிமிடம் என்பது கோண அளவு. ஒரு டிகிரியில் 60இல் ஒரு பங்கு. வடக்கு தெற்காக ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், அதாவது 1.852 கி.மீ. ஆகவே தூரம் 67 × 1.852, சுமார் 124 கி.மீ.

விமானத்தின் வேகம் மணிக்கு 500 கி.மீ. எனக் கொடுத்திருந்தேன். எல்லோரும் 15 நிமிடம் என்று எழுதினார்கள். ஒரு மாணவன் மட்டும் 'இரண்டு மணி நேரம்' என்று எழுதியிருந்தான். வழிமுறை எதுவும் இல்லை. தவறு என்று குறித்துவிட்டேன்.

விடைத்தாளை வாங்கியவன் கேட்டான்: "சார், எங்கப்பா ஏர்போர்ட்டுக்குக் கார் ஓட்டுறாரு. பத்து மணி பிளேனுக்கு எட்டரைக்கே ஆளைக் கொண்டுபோய் விட்டுருவாரு. அந்த நேரமெல்லாம் கணக்குல வராதா?"

மறுநாள் அவன் கேள்வியையே பாடமாக்கினேன். புறப்பாட்டுக்கு முன் காத்திருப்பது 60 நிமிடம், ஓடுபாதையில் ஊர்வது, ஏறுவது, பறப்பது, இறங்குவது எல்லாம் சேர்த்து 30 நிமிடம், பெட்டி எடுத்து வெளியே வர 20 நிமிடம் என வைத்துக்கொண்டோம். மொத்தம் 110 நிமிடம். 124 கி.மீ. தூரத்துக்கு 110 நிமிடம் என்றால் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 68 கி.மீ.தான்! வகுப்பே வியந்தது.

சாலை நேர்கோட்டில் போகாது. அதன் தூரம் ஏறத்தாழ 150 கி.மீ. காரில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் இரண்டரை மணி நேரம். விமானத்தால் மிச்சமாவது 40 நிமிடமே. சென்னை போன்ற தொலைதூர ஊருக்கு இதே கணக்கைப் போட்டால் மிச்சம் பல மணி நேரமாகும். காத்திருக்கும் நேரம் மாறுவதில்லை. பறக்கும் தூரம்தான் கூடுகிறது.

உடனடி வேகத்துக்கும் சராசரி வேகத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக நான் நடத்தியதில்லை. அவனுடைய விடைத்தாளைத் திரும்ப வாங்கி மதிப்பெண் போட்டேன்.

விமான நிலையம் தொலைவில் உள்ள பள்ளிகளில் பேருந்தை வைத்தே இதைச் செய்யலாம். வீட்டிலிருந்து கிளம்பிய நேரம், நிறுத்தத்தில் காத்திருந்த நேரம், இறங்கிய நேரம் ஆகிய மூன்றையும் மாணவர்கள் குறித்துவரட்டும். யாராவது வேறு விடை சொன்னால், தவறு என்று குறிக்கும் முன் எப்படி வந்தது என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். நான் கேட்கத் தவறினேன்.